தென்னாப்பிரிக்காவில் மருத்துவமனை நிர்வாகம் படிக்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் செய்ய வேண்டியவை

வார்டை ஒழுங்காக நடத்தும் சிஸ்டரை யூனிட் மேனேஜர் ஆக்குகிறார்கள். நல்ல சர்ஜனைக் கிளினிக்கல் மேனேஜர் ஆக்குகிறார்கள். மறுநாளே பட்ஜெட், டெண்டர், டியூட்டி ரோஸ்டர், தொழிற்சங்கப் பேச்சுவார்த்தை என எல்லாம் மேஜைக்கு வந்துவிடும். இவற்றில் ஒன்றைக்கூட மருத்துவக் கல்லூரியிலோ நர்சிங் கல்லூரியிலோ யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். படித்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை நியாயமானது, படிப்புகளும் நிறையவே இருக்கின்றன. சேரும் வழியில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வேண்டிய பதவிக்கு உதவாத படிப்பைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள், கடைசி வாரத்தில் ஒரு காகிதம் கிடைக்காமல் ஒரு வருடத்தை இழக்கிறார்கள், கையெழுத்துப் போட்ட பிறகு பாண்டின் (படிக்கப் பணம் தந்தவரிடம் திருப்பி வேலை செய்வதாகத் தரும் உறுதியின்) அர்த்தம் தெரிந்து திகைக்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவில் வேலை செய்கிற அல்லது அங்கே படிக்கப்போகிற மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட் போன்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். டர்பனிலேயே பிறந்து வளர்ந்து அங்கேயே பட்டம் வாங்கியவர்கள் மூன்றாம் பகுதியைத் தாண்டிப் போகலாம். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ பட்டம் வாங்கியவர்கள் அதை இரண்டு முறை படியுங்கள்.

கல்வியாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ தொடங்கும். விண்ணப்பங்கள் பெரும்பாலும் முந்தைய செப்டம்பர், அக்டோபரில் மூடிவிடும். வெளிநாட்டுப் பட்டம் உள்ளவர்கள் முந்தைய பிப்ரவரியிலேயே காகித வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ஆகஸ்டில் விழித்துக்கொண்டால் அந்த ஆண்டு பெரும்பாலும் கை நழுவிவிடும்.

1. எந்த நாற்காலிக்காகப் படிக்கிறீர்கள்?

படிப்பின் பெயரைப் பார்க்கும் முன் பதவியைப் பாருங்கள். அரசு வேலையென்றால் பொதுச்சேவைத் துறை வெளியிடும் காலிப்பணியிடச் சுற்றறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். நீங்கள் விரும்பும் பதவிக்கான விளம்பரங்களில் பத்தை எடுத்து, 'தகுதி' என்ற பத்தியை மட்டும் வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள். எது கட்டாயம், எது 'கூடுதல் சிறப்பு' என்று பிரித்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு மாலை போதும். பலர் லட்சக்கணக்கான ராண்ட் செலவழித்து எம்.பி.ஏ. முடித்த பிறகுதான், தங்கள் பதவிக்கு அது கட்டாயமே இல்லை என்று கண்டுபிடிக்கிறார்கள்.

செவிலியர்களுக்கு இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. பிசினஸ் ஸ்கூல் தரும் நிர்வாக டிப்ளமோ எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நர்சிங் கவுன்சிலான சாங்க் அதைக் கூடுதல் நர்சிங் தகுதியாகப் பதிவு செய்யாது. கவுன்சிலில் பதிவாக வேண்டுமென்றால், கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற நர்சிங் கல்வி நிறுவனத்தில் 'ஹெல்த் சர்வீசஸ் மேனேஜ்மென்ட்' முதுநிலை டிப்ளமோ படிக்க வேண்டும். நர்சிங் மேனேஜர் பதவிக்குப் போகிறவர்கள், விளம்பரம் நர்சிங் அட்மினிஸ்ட்ரேஷன் கேட்கிறதா, பொது நிர்வாகத் தகுதி கேட்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல.

சொந்த கிளினிக் நடத்துபவருக்கு எம்.பி.ஏ. தேவையே இல்லை என்பது என் கருத்து. பில்லிங், மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) கோரிக்கைகள், ஊழியர் ஒப்பந்தம், வரி ஆகியவற்றைச் சொல்லித் தரும் சில மாதக் குறும்படிப்பு போதும். மருத்துவர் சங்கமான சாமா 1997-இல் தொடங்கிய எஃப்.பி.டி. போன்ற நிறுவனங்கள் சுகாதாரத் துறையினருக்கென்றே நிர்வாகப் படிப்புகளை நடத்துகின்றன.

2. உங்கள் பட்டம் எந்தப் படியில் நிற்கிறது?

தென்னாப்பிரிக்காவில் எல்லாக் கல்வித் தகுதியும் என்.க்யூ.எஃப். என்ற பத்துப் படி ஏணியில் இருக்கும். மூன்று வருட டிப்ளமோ 6-ஆம் படி. சாதாரண இளநிலைப் பட்டமும் அட்வான்ஸ்டு டிப்ளமோவும் 7. ஆனர்ஸ், முதுநிலை டிப்ளமோ, அங்குள்ள மருத்துவப் பட்டமான எம்.பி.சிஎச்.பி. போன்ற நீண்ட தொழிற்பட்டங்கள் 8. எம்.பி.ஏ., எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம்) இரண்டும் 9.

ஒரு படியில் சேர அதற்கு முந்தைய படி கையில் இருக்க வேண்டும், விதி அவ்வளவுதான். ஆகவே அங்கே மருத்துவம் படித்தவர் நேரே எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்கலாம். மூன்று வருடப் பட்டம் மட்டும் உள்ளவர் முதுநிலை டிப்ளமோவை முடித்துவிட்டு வரவேண்டும். பழைய நர்சிங் டிப்ளமோ மட்டும் வைத்திருப்பவர் நடுவில் அட்வான்ஸ்டு டிப்ளமோவையும் ஏற வேண்டியிருக்கும்.

அனுபவத்தைக் கணக்கில் எடுக்கும் ஆர்.பி.எல். என்ற வழியும் உண்டு. இருபது வருடம் வார்டை நடத்திய அனுபவத்தைக் கோப்பாகத் திரட்டிக் காட்டி, படியைத் தாண்ட அனுமதி கேட்கலாம். ஆனால் இந்த வழியாக வருபவர்கள் ஒரு வகுப்பில் வழக்கமாகப் பத்தில் ஒருவர் என்ற அளவைத் தாண்ட விடமாட்டார்கள். கோப்பு தயாரிக்கவே இரண்டு மாதம் ஆகும். இந்த வழியில் போகிறவர்கள் விண்ணப்பம் திறந்த முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

3. சாக்வா மதிப்பீடும் பெயர்ப் பொருத்தமும்

வெளிநாட்டுப் பட்டத்தை எந்தப் படியில் வைப்பது என்று சொல்வது சாக்வா என்ற தேசிய அமைப்பு. விண்ணப்பம் இணையவழியில்தான். பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் அல்லது டிரான்ஸ்கிரிப்ட், அடையாள ஆவணம், 'என் பட்டத்தைச் சரிபார்க்கச் சம்மதம்' என்ற ஒப்புதல் படிவம், கட்டணம் ஆகியவை வேண்டும். சான்றிதழ் ஆங்கிலத்தில் இல்லையென்றால் பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பும் வேண்டும்.

பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்திடம் சரிபார்த்துவிட்டுத்தான் சாக்வா மதிப்பீட்டைத் தரும். தாமதம் அங்கேதான். உங்கள் பல்கலைக்கழகம் மின்னஞ்சலுக்குப் பதில் போடாவிட்டால் கோப்பு அப்படியே கிடக்கும். தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகப் பட்டம் வைத்திருப்பவர்கள், கிண்டி அலுவலகத்துக்கு நேரில் போய் வரக்கூடிய உறவினர் ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. மொத்தத்தில் நான்கு மாதம் ஒதுக்குங்கள்.

அடிக்கடி கோப்பு திரும்பி வரும் காரணங்கள் நான்கு.

முதலாவது, புரவிஷனல் சான்றிதழ். நம்மவர்களில் பலர் படிப்பு முடிந்ததும் புரவிஷனலை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள், கன்வொகேஷன் பட்டத்தை வாங்குவதே இல்லை. சாக்வாவுக்கு இறுதிப் பட்டம் வேண்டும். பத்து வருடம் கழித்து விண்ணப்பித்தாலும் பட்டம் வாங்கலாம், ஆனால் அதற்குத் தனியாக நாள் பிடிக்கும். இன்றே பெட்டியைத் திறந்து பாருங்கள்.

இரண்டாவது, இனிஷியல். பட்டச் சான்றிதழில் 'மு. கவிதா' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக மாறி 'கவிதா முருகேசன்' என்று இருக்கும். திருமணத்துக்குப் பின் புதுப்பித்த பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் வந்திருக்கும். அங்குள்ள அலுவலருக்கு இவர்கள் மூன்று தனித்தனி ஆட்கள். மூன்று பெயரும் ஒரே ஆளுடையவை என்று ஓர் அஃபிடவிட் எழுதி, பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் நகல்களோடு முதல் தடவையே சேர்த்து அனுப்புங்கள். கேட்ட பிறகு அனுப்பினால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள். அஃபிடவிட்டையும் நகல் சான்றொப்பத்தையும் தென்னாப்பிரிக்காவில் எந்தக் காவல் நிலையத்திலும் இலவசமாகச் செய்து தருவார்கள். சான்றொப்பமிட்ட நகல் மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள், எனவே மொத்தமாகப் பத்து நகல் போட்டு வைப்பதில் பயனில்லை.

மூன்றாவது, தொழில் பதிவையும் கல்வி மதிப்பீட்டையும் குழப்பிக்கொள்வது. மருத்துவக் கவுன்சிலான ஹெச்.பி.சி.எஸ்.ஏ.வில் பதிவு செய்ய அமெரிக்க எபிக் அமைப்பின் வழியாக உங்கள் சான்றிதழ்களைச் சரிபார்த்திருப்பீர்கள். அது பதிவுக்கானது. பல்கலைக்கழகம் சாக்வா மதிப்பீட்டைக் கேட்டால் எபிக் அறிக்கையைக் காட்டித் தப்ப முடியாது.

நான்காவது, டிப்ளமோவைப் பட்டம் என்று நினைத்துக்கொள்வது. தமிழ்நாட்டு ஜி.என்.எம்., இலங்கை நர்சிங் பள்ளிகளின் மூன்று வருட டிப்ளமோ ஆகியவற்றை முதுநிலைப் படிப்புக்கான பட்டமாக எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். மதிப்பீட்டுக் கடிதம் கைக்கு வந்த பிறகே எந்தப் படிப்பு என்று முடிவு செய்யுங்கள். அதற்கு முன் எங்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.

4. படிப்பைச் சோதிப்பது எப்படி?

நான்கு வகைகள் இருக்கின்றன. குறும்படிப்பு, முதுநிலை டிப்ளமோ, எம்.பி.எச்., எம்.பி.ஏ. அரசு மருத்துவமனையிலோ மாவட்டச் சுகாதாரத்திலோ இருப்பவர்களுக்கு முதுநிலை டிப்ளமோதான் முதலில் பார்க்க வேண்டியது என்று சொல்வேன். கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் டாம்போ ஃபெலோஷிப் என்ற பெயரோடு நடக்கும் ஹெல்த் மேனேஜ்மென்ட் டிப்ளமோ இந்த வகையில் பெயர்பெற்றது. வேலையை விடாமல் தொலைநிலையில் எம்.பி.எச். படிக்க நினைப்பவர்கள் மேற்குக் கேப் பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பள்ளியைப் பாருங்கள். தனியார் மருத்துவமனைக் குழுமங்களில் மேலே போக விரும்புபவர்களுக்கு எம்.பி.ஏ. உதவும். பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் கிப்ஸ், விட்ஸ், ஸ்டெலன்போஷ், கேப்டவுன் ஆகியவற்றின் பிசினஸ் ஸ்கூல்கள் தெரிந்த பெயர்கள்.

எந்தப் படிப்பானாலும் இரண்டு சோதனை செய்யுங்கள். முதலில் பதிவு. சாக்வா தளத்தில் படிப்பின் பெயரைத் தேடினால் அதற்கு ஓர் எண், படி, கிரெடிட் எல்லாம் வரவேண்டும். தனியார் நிறுவனமென்றால் உயர்கல்வித் துறையின் பதிவேட்டிலும் அதன் பெயர் இருக்க வேண்டும். விளம்பரத்தில் 'என்.க்யூ.எஃப். அலைண்டு' என்று போட்டிருந்தால் உஷாராகுங்கள். அலைண்டு என்றால் பதிவானது என்று பொருளில்லை. அந்தப் படிப்பில் நல்ல விஷயம் கற்கலாம், ஆனால் அதை வைத்து அடுத்த படி ஏற முடியாது.

இரண்டாவது, பாடத்தின் உள்ளடக்கம். அரசு மருத்துவமனைகளில் எல்லா நிதிப் பேச்சும் பி.டி.ஈ. (எல்லா வகை நோயாளிகளையும் உள்நோயாளி நாளுக்கு இணையாக்கிய கணக்கு) என்ற ஒரு எண்ணைச் சுற்றித்தான் நடக்கும். உள்நோயாளி நாட்களோடு, பகல்நோயாளிகளில் பாதியையும் வெளிநோயாளி, அவசரப்பிரிவு வருகைகளில் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டினால் அந்த எண் கிடைக்கும். ஒரு மாதத்தில் 6,000 உள்நோயாளி நாள், 400 பகல்நோயாளி, 7,500 வெளிநோயாளி, 1,500 அவசர வருகை என்று வைத்துக்கொள்ளுங்கள். 6,000, 200, 3,000 என்று கூட்டினால் 9,200 வரும். அந்த மாதச் செலவு 2 கோடியே 76 லட்சம் ராண்ட் என்றால் ஒரு பி.டி.ஈ.க்கு 3,000 ராண்ட். இப்போது அவசரப்பிரிவுப் பதிவேடு அந்த மாதம் கணினியில் ஏறவில்லை என்று வையுங்கள். எண் 8,700 ஆகும், செலவு 3,172 ஆகத் தெரியும். மருத்துவமனை ஊதாரித்தனம் செய்கிறது என்று தலைமை அலுவலகம் கேள்வி கேட்கும். உண்மையில் விட்டுப்போனது ஒரு பதிவேடு மட்டுமே.

சேர்க்கை அலுவலரிடம் நேராகக் கேளுங்கள்: இந்த மாதிரிக் கணக்கை என் சொந்த மருத்துவமனை எண்களை வைத்து வகுப்பில் போட வைப்பீர்களா? பொதுநிதி மேலாண்மைச் சட்டமான பி.எஃப்.எம்.ஏ. பாடத்தில் உண்டா? விதிமீறிய செலவு என்றால் என்ன, வீண் செலவு என்றால் என்ன, இரண்டுக்கும் யார் பதில் சொல்ல வேண்டும் என்று கற்றுத் தருவீர்களா? பாடத்தில் வரும் உதாரணங்கள் எல்லாம் சுரங்கமும் சூப்பர்மார்க்கெட்டுமாக இருந்தால், அரசு மருத்துவமனைக்காரர் அதற்குப் பணம் கொடுப்பது பற்றி நன்றாக யோசிக்க வேண்டும்.

5. நேரக் கணக்கு

ஒரு கிரெடிட் என்றால் பத்து மணி நேர உழைப்பு. முதுநிலை டிப்ளமோவுக்கு 120 கிரெடிட், அதாவது 1,200 மணி நேரம். ஐந்து நாள் தொடர்ந்து நடக்கும் வகுப்புத் தொகுதிகள், அதாவது பிளாக்குகள், ஐந்து, நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் வகுப்பில் 200 மணி நேரம் போகும். மீதி 1,000. அதை 40 வாரத்தில் முடிக்க வாரம் 25 மணி நேரம் வேண்டும். இரண்டு வருடமாகப் பிரித்தால் வாரம் பன்னிரண்டரை.

எம்.பி.ஏ. குறைந்தது 180 கிரெடிட். பத்து பிளாக் வகுப்பு போக 1,400 மணி நேரம் மிஞ்சும். இரண்டு வருடத்தில், 80 படிக்கும் வாரங்களில், வாரத்துக்குப் பதினேழரை மணி நேரம்.

இந்த எண்ணை உங்கள் ஆன்-கால் டியூட்டி ரோஸ்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாதம் ஆறு ஆன்-கால் டியூட்டி செய்பவருக்கு வாரம் 25 மணி நேரம் நடக்காது. சேர்ந்துவிட்டு மூன்றாம் மாதம் திணறுவதைவிட முதலிலேயே இரண்டு வருடத் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். நடுவில் மாற்றச் சில இடங்களில் விடமாட்டார்கள், விட்டாலும் கட்டணம் கூடும்.

6. பணம்

பெயர்பெற்ற பிசினஸ் ஸ்கூல்களில் எம்.பி.ஏ. கட்டணம் பல லட்சம் ராண்ட். பொதுப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரத் துறை நடத்தும் முதுநிலை டிப்ளமோ அதில் சிறு பங்குதான். ஆனால் கட்டணத்தோடு செலவு முடிவதில்லை. ஒவ்வொரு பிளாக்குக்கும் விமானமோ பெட்ரோலோ, ஐந்து இரவுத் தங்கல், புத்தகம், வெளிநாட்டு மாணவர் கூடுதல் கட்டணம், ஆய்வுக்குப் புள்ளிவிவர உதவி, பார்க்க முடியாமல் போகும் லோகம் வேலை (இன்னொருவருக்குப் பதிலாகத் தற்காலிகமாகச் செய்வது) எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். தனியாக லோகம் பார்த்துச் சம்பாதிக்கும் டாக்டருக்கு, இழக்கும் வருமானம் கட்டணத்தையே தாண்டிவிடும். ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளின் கூட்டமைப்பான சாதக் நாடுகளின் குடிமக்களிடம் பொதுப் பல்கலைக்கழகங்கள் வழக்கமாக உள்ளூர்க் கட்டணம்தான் வாங்கும். இந்தியரும் இலங்கையரும் அதில் வரமாட்டார்கள். நிரந்தர வசிப்புரிமை இருந்தால் அதன் ஆவணத்தை விண்ணப்பத்தோடு வையுங்கள்.

அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். இந்தப் படிப்புகளுக்குப் பண உதவி செய்யாது. நம்ப வேண்டியது வேலை தருபவரை.

தனியார் மருத்துவமனைகள் சம்பளப் பட்டுவாடாவில் ஒரு சதவீதத்தைத் திறன் மேம்பாட்டு வரியாகக் கட்டுகின்றன. ஆண்டுப் பயிற்சித் திட்டத்தை ஏப்ரல் 30-க்குள் சுகாதாரத் துறைக்கான பயிற்சி ஆணையமான சீட்டாவிடம் கொடுத்தால் அதில் 20 சதவீதம் திரும்பக் கிடைக்கும். ஆகவே அந்தத் தேதிக்கு முன் திட்டத்தில் உங்கள் பெயரும் படிப்பும் ஏறியிருக்க வேண்டும். பிப்ரவரியிலேயே மருத்துவமனையின் திறன் மேம்பாட்டுப் பொறுப்பாளரைப் போய்ப் பாருங்கள். அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே பல செவிலியர்களுக்குத் தெரியாது. மே மாதம் கேட்டால் 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்ற பதில்தான். அரசுத் துறைகளில் நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. பர்சரி (படிப்புக்கான உதவித்தொகை) அறிவிப்பு வரும் மாதத்தை மனிதவளப் பிரிவில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பர்சரி ஒப்பந்தத்தில் நிதானமாகப் படிக்க வேண்டியவை இவை:

படித்த ஒவ்வொரு வருடத்துக்கும் எத்தனை வருடம் திருப்பி வேலை செய்ய வேண்டும்? அந்தக் கணக்கு எப்போது தொடங்குகிறது: படிக்கும்போதா, முடித்த பிறகா? வேறு மாகாணத்துக்கு மாறினால் பாண்டும் கூட வருமா, உடனே பணம் கட்ட வேண்டுமா? ஒரு பாடத்தில் தோற்றால் அந்தப் பாடத்தின் கட்டணம் மட்டுமா, மொத்தமுமா? வட்டி உண்டா? பிளாக் நாட்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பா?

வரி பற்றிய ஒரு வாசகத்தையும் கட்டாயம் தேடுங்கள். வருமானவரிச் சட்டத்தின் 10(1)(q) பிரிவின்படி, ஊழியருக்கே தரும் பர்சரிக்கு வரிவிலக்கு வேண்டுமென்றால், இறப்பு, நோய், காயம் தவிர வேறு காரணத்தால் படிப்பை முடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவேன் என்று ஊழியர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அந்த வாசகம் இல்லையென்றால் பர்சரித் தொகை சம்பளமாகக் கணக்காகி வரி பிடித்தமாகும். திருப்பிக் கட்டும் நிபந்தனையைப் பார்த்துப் பயந்து அதை நீக்கச் சொல்லாதீர்கள், உங்களைக் காப்பதே அதுதான்.

7. விடுப்பும் விசாவும்

அடிப்படைத் தொழிலாளர் சட்டத்தில் படிப்பு விடுப்பு என்று எதுவும் இல்லை. எல்லாம் அந்தந்த நிறுவனத்தின் கொள்கைதான். வாய்வார்த்தையாக 'போயிட்டு வாங்க' என்று சொன்ன மேலாளர் மாற்றலாகிப் போனால் எல்லாம் முதலிலிருந்து. பிளாக் தேதிகள் அனைத்தையும் ஒரே கடிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ரோஸ்டர் போடுபவருக்கும் ஒரு நகல் கொடுங்கள். அனுமதி கொடுத்தவரும் ரோஸ்டர் போடுபவரும் வேறு வேறு ஆட்கள், சிக்கல் அங்கேதான் வரும். கம்யூட்டெட் ஓவர்டைம் (நிலையான தொகையாகத் தரும் கூடுதல் நேரச் சம்பளம்) வாங்கும் டாக்டர்கள், பிளாக் வாரத்தில் விட்ட ஆன்-கால் டியூட்டிகளை எப்போது ஈடு செய்வார்கள் என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

வேலை விசாவில் இருப்பவர்கள், அந்த விசாவை வைத்துப் பகுதிநேரம் படிக்கச் சேர்ப்பார்களா என்று பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வெளியிலிருந்து முழுநேரம் படிக்க வருபவர்கள் சொந்த நாட்டிலிருந்தே படிப்பு விசா வாங்கிக்கொண்டு வரவேண்டும். சுற்றுலா விசாவில் வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். சேர்க்கைக் கடிதம், பண ஆதாரம், மருத்துவ அறிக்கை, ஒரு வருடமோ அதற்கு மேலோ வசித்த நாடுகளின் காவல்துறைச் சான்று ஆகியவை வேண்டும். வளைகுடாவில் சில வருடம் நர்ஸாக இருந்தவர்களுக்கு இந்தக் கடைசிக் காகிதம்தான் பாடாய்ப் படுத்தும். அதை முதலில் தொடங்குங்கள். மருத்துவக் காப்பீடு தென்னாப்பிரிக்காவில் பதிவான மெடிக்கல் ஸ்கீமாக இருக்க வேண்டும், பயணக் காப்பீட்டை ஏற்க மாட்டார்கள்.

8. விண்ணப்பம்

நோக்கக் கடிதம்தான் இங்கே எடை கூடியது. 'தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நீங்கள் உங்கள் இடத்திலுள்ள ஒரு பிரச்சினையை எண்ணோடு எழுதுங்கள். வெளிநோயாளிப் பிரிவில் மருந்துச் சீட்டு எழுதியதிலிருந்து மருந்து கைக்கு வர எத்தனை மணி நேரம் ஆகிறது? ஒரு வாரம் நீங்களே கடிகாரம் வைத்துக் குறித்துப் பாருங்கள். தாமதம் டாக்டர் மேஜையிலா, கோப்பு அறையிலா, மருந்துக் கவுண்டரிலா? அதைச் சரிசெய்ய உங்களுக்கு என்ன தெரியவில்லை? இதை ஒரு பக்கத்தில் எழுதினால் தேர்வுக்குழு நிமிர்ந்து உட்காரும்.

பரிந்துரைக் கடிதம் இரண்டு. ஒன்று நேரடி மேலதிகாரியிடமிருந்து. மூன்று வாரம் அவகாசம் கொடுங்கள். சில பிசினஸ் ஸ்கூல்கள் என்மேட் அல்லது ஜிமேட் தேர்வு மதிப்பெண் கேட்கும், குறைந்தது மூன்று வருடப் பணி அனுபவமும் எதிர்பார்க்கும். இந்தியாவில் ஆங்கில வழியில் படித்திருந்தாலும் அதற்குக் கல்லூரியின் கடிதம் கேட்பதுண்டு.

9. சேர்ந்த பிறகு: ஆய்வுத் திட்டமும் அனுமதியும்

படிப்பு நீண்டுபோவது பாடங்களால் அல்ல, கடைசியில் வரும் ஆய்வுத் திட்டத்தால்தான். நோயாளிகளின் கோப்பையோ ஊழியர்களின் பதில்களையோ தொடுகிற எந்த ஆய்வுக்கும் முதலில் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அது கிடைத்தபின் தேசியச் சுகாதார ஆய்வுத் தரவுத்தளத்தில் பதிவு செய்து மாகாணச் சுகாதாரத் துறையின் அனுமதி வாங்க வேண்டும். பிறகு மருத்துவமனைத் தலைமை அதிகாரியின் கடிதம். இந்த மூன்றுக்குமாக நான்கு மாதம் ஒதுக்குங்கள்.

'என் வார்டுதானே, பதிவேட்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறேன், ஒப்புதல் பின்னால் வரட்டும்' என்று தொடங்கிவிடாதீர்கள். நெறிமுறை ஒப்புதல் பின்தேதியிட்டுக் கிடைக்காது. அப்படிச் சேகரித்த தகவல் முழுவதையும் தூக்கிப்போட வேண்டியதுதான். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியாவும் உண்டு. நோயாளியின் பெயரும் கோப்பு எண்ணும் உள்ள எக்செல் கோப்பை வீட்டு மடிக்கணினியில் வைத்திருப்பதே சிக்கலில் மாட்டிவிடும். தகவல் எடுக்கும் இடத்திலேயே பெயரை நீக்கிக் குறியீடு கொடுத்துவிடுங்கள்.

பெரிய தலைப்பு எடுக்க வேண்டாம். 'மாகாணத்தின் மனிதவளச் சிக்கல்கள்' என்று எடுத்தவர்கள் ஐந்து இடங்களில் அனுமதிக்கு அலைகிறார்கள். 'எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் காலை முதல் கேஸ் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, ஏன் தாமதமாகிறது' என்பது ஒரே கட்டடத்தில் முடிகிற வேலை. அதற்குத் தேவையான பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது, கண்டுபிடித்ததை மறு மாதமே செயல்படுத்தவும் முடியும்.

படிக்கும் காலத்தில் தொழில் பதிவை விட்டுவிடாதீர்கள். ஹெச்.பி.சி.எஸ்.ஏ.வில் இருப்பவர்களுக்குப் பன்னிரண்டு மாதத்தில் 30 சி.பி.டி. (தொடர் தொழிற்கல்வி) புள்ளி வேண்டும், அதில் 5 நெறிமுறை சார்ந்தவையாக இருக்க வேண்டும். நிர்வாகப் படிப்பு அந்த 5-ஐத் தானாகத் தந்துவிடாது, தனியாகச் சம்பாதியுங்கள். ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டிய நாள் ஏப்ரல் 1. செவிலியர்களுக்கு டிசம்பர் 31, அதாவது ஆண்டுக் கடைசி அசைன்மென்டுகள் முடிந்து எல்லோரும் களைத்துக் கிடக்கும் நேரம். கைபேசியில் நவம்பர் 1-க்கு இப்போதே ஒரு நினைவூட்டல் போட்டு வையுங்கள்.